பெட்டிக் கட்டில்

“தலைப்பக்கம் நீ புடி, கால நான் பாத்துக்கறேன்” என்றாள் குள்ளம்மாள்.

யுவராணி அப்பாவின் தோள்களுக்கு அடியில் கைகளைக் கொடுத்தாள். உடம்பில் இன்னும் சூடு போகவில்லை. இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார்கள். தீர்த்தகிரி அசையவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவரை அவர் இஷ்டமில்லாமல் யாரும் நகர்த்தியது கிடையாது.

“முடியாதும்மா. பக்கத்து வூட்டு சுகுணாக்காவக் கூப்புடறேன்.”

“கூப்புட்டா? ஊரெல்லாம் தெரிஞ்சிடும். போர்வைய அடியில குடு. இழுக்கலாம்.”

ஒரு பக்கம் புரட்டி, போர்வையைச் செருகி, மறுபக்கம் புரட்டினார்கள். புதுக் கட்டில் தொடையுயரம் இருந்தது. அதிலிருந்து தரைக்கு இறக்குவதற்குள் குள்ளம்மாளின் முழங்கால் இரண்டும் கத்தின. தரைக்கு வந்த பிறகு வேலை எளிதானது. டைல்ஸ் தரையில் போர்வை வழுக்கிக்கொண்டு போனது. உள் அறை வாசற்படியில் மட்டும் அவர் குதிகால் மாட்டிக்கொண்டது.

“பாத்துடி. அடிபட்டுடப் போவுது” என்றாள் குள்ளம்மாள். சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யுவராணியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாய் கோணிக்கொண்டு சிரிப்புக்குப் போயிற்று.

வெளி அறையில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் அவரை ஏற்றி, கைகளை நேராக்கி, போர்வையை இழுத்துப் போர்த்தினார்கள். குள்ளம்மாள் உள்ளே திரும்பிப் போய், தலையணைப் பள்ளத்தைத் தட்டிச் சமமாக்கினாள். அவருக்கென்று கொண்டுவந்த டீ, கட்டில் விளிம்பில் ஆறிக்கிடந்தது. அதை எடுத்து வெளியே ஊற்றினாள்.

“அம்மா, இப்ப அழுவலாமா?” என்றாள் யுவராணி.

“இரு, மூச்சு வாங்குது.”

செத்துப்போனவர் சொல்லிவைத்ததை நினைத்துத்தான் இரண்டு பேரும் இப்படிச் செய்திருந்தார்கள். கட்டில் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றே தீர்த்தகிரி சொல்லிவிட்டார். “இங்க பாரு குள்ளம்மா. இதுல படுத்து நான் போய்ச் சேந்தேன்னு வெய்யி, பங்காளி மாரியப்பன் ஸ்குரூ டிரைவரோட வந்து நிப்பான். உசிரு போன கட்டிலு வூட்டுல தங்கக்கூடாதுன்னு கழட்டி, சுடுகாட்டு ஓரத்துல போட்டுட்டுத்தான் மறுவேல பாப்பான். எனக்குக் கயித்துக் கட்டிலு போதும். இது ஒனக்கு வாங்குனது.”

அதன்படி வெளி அறையில்தான் படுத்திருந்தார். நேற்று மழை தூறலாக ஆரம்பித்து, இரவெல்லாம் ஈரக்காற்று அடித்தது. அவருடைய இருமல் நிற்கவில்லை. குள்ளம்மாள்தான் போய்க் கூப்பிட்டாள். “ஒரே ஒரு நாளு உள்ள வந்து படுங்க. ஒன்னும் ஆவாது.” அவர் மறுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் குள்ளம்மாள் இன்னும் கழற்றவில்லை, புதுசு அழுக்காகிவிடும் என்று. மேலே விரித்த துணியோ நிற்காமல் வழுக்கிக் கால்மாட்டுக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. அவர் புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வந்தது. “கருவாட்டப் பொட்டலம் கட்டுனாப்புல இருக்குது” என்றார். குள்ளம்மாள் மறுபக்கம் ஏறிப் படுத்துக்கொண்டாள். விடிந்து டீ போட்டுக்கொண்டு வந்தபோது, அவள் தலையணைப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் குள்ளம்மாள் வாசலுக்கு வந்து நின்று குரலெடுத்தாள். தெரு திரண்டு வந்தது.

*

கட்டில் வாங்கியதே ஒரு கூத்து.

தர்மபுரியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். டாக்டர் சொன்னதை அவர் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் முகத்தில் தெரிந்தது. ஊருக்குப் போகிற மாரண்டஹள்ளி பஸ்ஸுக்குத் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.

“எங்க போறீங்க?”

“கட்டிலு பாக்க.”

“நல்லா இருக்குது. இந்த வயசுல கட்டிலாம்.”

“ஒனக்குத்தான். தரையில ஒக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேண்டியிருக்குது.”

அவர்கள் கல்யாணத்துக்கு ஒரு இரும்புக் கட்டில் வந்திருந்தது. அதில் ஒரு ராத்திரிகூட யாரும் முழுசாகப் படுத்ததில்லை. இரண்டே அறை கொண்ட வீடு. ராகி மூட்டை, புளிப்பானை, நிலக்கடலைச் சாக்கு, டெம்போவின் தார்ப்பாய், விசேஷத்துக்கு எடுக்கிற அண்டா எல்லாம் கட்டிலின் மேலேயும் கீழேயும் குடியிருந்தன. குள்ளம்மாள் தரையில் படுத்தாள். அவர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பாதி நாள் வண்டியிலேயே கிடந்தார். “மூட்டைங்க மெத்தையில, மனுசங்க தரையில. இனிமே மாத்திப் போடுவம். மூட்டைங்க உள்ள படுக்கட்டும், நீ மேல படு” என்றார் கடைப் படியேறும்போது.

கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். ஒன்றில் பக்கவாட்டில் இழுப்பறைகள். இன்னொன்றில் மெத்தையோடு சேர்த்து மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே முழுக்கப் பெட்டி. குள்ளம்மாளுக்கு இழுப்பறை பிடித்திருந்தது. புடவையெல்லாம் ஒரு பக்கம், பாத்திரமெல்லாம் ஒரு பக்கம் என்று மனதுக்குள் அடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

“இழுத்தா எங்க வந்து நிக்கும்? இந்தப் பக்கம் செவுரு, அந்தப் பக்கம் பீரோ” என்றார் அவர். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். வீட்டு அறையை அந்தத் துண்டால் அளந்துவிட்டுத்தான் டாக்டரிடமே கிளம்பியிருக்கிறார். அது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு அளந்ததைக் கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“ஐயா, டேப்பு தரட்டுங்களா?”

“டேப்புல அளந்தா எனக்குத் தெரியாதுங்க. வூடு துண்டுலதான் இருக்குது.”

மேல்பலகையைக் கடைக்காரர் ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். அது தானாகவே எழும்பி நின்றது. உள்ளே பிஸ்டன் இருப்பதைத் தீர்த்தகிரி குனிந்து பார்த்தார். வண்டிக்காரருக்கு அது போதும், முகம் மலர்ந்துவிட்டது. “டெம்போ பானெட்டுக்குக் குச்சி முட்டுக் குடுத்து என் காலம் போச்சு. இதப் பாரு குள்ளம்மா.”

“பாத்தேன், பாத்தேன். மூட்ட எத்தன புடிக்கும்?”

“அதயும் பாத்துடலாம்.”

செருப்பைக் கழற்றினார். கடைக்காரர் தடுப்பதற்குள் விளிம்பைத் தாண்டிப் பெட்டிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துவிட்டார்.

“ஐயா, உள்ள வேணாங்க!”

“இருங்க. நான் ஒரு மூட்ட. பக்கத்துல இன்னொரு மூட்டைக்கு எடம் இருக்குது. கால்மாட்டுல அண்டா. குள்ளம்மா, மூடிப் பாரு, தலை இடிக்குதான்னு.”

அவள் மூடவில்லை. மேலிருந்து அவரைப் பார்த்தாள். சில நொடி இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை. பிறகு அவர் உள்ளே கிடந்தபடியே கண்ணடித்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, முழங்கால் வலியையும் மறந்து கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

*

பொழுது ஏறுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. மருமகன் ரஞ்சித்குமார் ஓசூரிலிருந்து வந்தான். பங்காளி மாரியப்பன் வந்தார். வந்ததும் போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு கேட்டார்.

“உசிரு எங்க போச்சு?”

“இங்கதாங்க. இந்தக் கட்டில்லதான்” என்றாள் குள்ளம்மாள்.

“ராத்திரி அப்பிடி ஒரு குளுரு. உள்ள புதுக் கட்டிலு இருக்க, சீக்காளிய எதுக்கு இதுல போட்டீங்க?”

“அப்பாவுக்கு அந்த மெத்த ஒத்துக்கல பெரியப்பா” என்றாள் யுவராணி.

மாரியப்பன் உள் அறையை எட்டிப் பார்த்தார். கட்டிலைத் தலையிலிருந்து கால் வரை பார்வையால் அளந்தார். “ஒரு நாளுகூடப் படுக்கலயா?”

“இல்லீங்க.”

“சரி. சாலம்மாக்கா வரட்டும். கூடப் பொறந்தவங்க. அவங்க பாத்துச் சொல்லட்டும்.”

தீர்த்தகிரியின் அக்கா சாலம்மாள் இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். தன் புருஷன் செத்த அன்று, பிறந்த வீட்டிலிருந்து தனக்கு வந்த தேக்குக் கட்டிலை, யாரும் சொல்வதற்கு முன்பே வெளியே எடுக்கச் சொன்னவள். அவள் வாழ்க்கைப்பட்ட காரிமங்கலத்தில் இன்னும் அதைச் சொல்லுவார்கள்.

இதற்கிடையில் சாவு வீட்டுக்கு என்னென்ன தேவையோ எல்லாம் அந்தக் கட்டிலுக்குள்ளேயே இருந்தன. வாசலில் கட்டத் தார்ப்பாய் வேண்டுமென்றார்கள். யுவராணி உள்ளே போய்க் கட்டிலைத் திறந்தாள். குத்துவிளக்கு கேட்டார்கள், திறந்தாள். தண்ணீர் காய்ச்ச அண்டா, உடுத்த புது வேட்டி, ஆதார் அட்டை. ஒவ்வொரு தடவையும் மெத்தையோடு பலகை தானாக எழும்பி நின்றதைப் பார்க்க, உள் அறை வாசலில் பெண்கள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

குள்ளம்மாளைக் கட்டிக்கொண்டு அழுத சுகுணா, மூக்கை உறிஞ்சிவிட்டுக் காதோடு கேட்டாள். “எங்கக்கா வாங்குனது?”

“தருமபுரியிலதான்.”

“எத்தன மூட்ட புடிக்குது?”

“ரெண்டு. ஓரத்துல அண்டாவும் போவும்.”

“யப்பா!” என்றாள் சுகுணா. அந்த ஆச்சரியத்தையே நீட்டி ஒப்பாரியாக்கிவிட்டாள்.

வெயில் தாழ்வாரத்துக்கு வந்தபோது தெருமுனையில் சாலம்மாளின் குரல் கேட்டது. வெள்ளைத் தலை, குள்ளமான உருவம், தம்பியைவிடப் பத்து வயது மூத்தவள். தம்பியின் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, ஏதோ சொன்னாள். அது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து கயிற்றுக் கட்டிலைப் பார்த்தாள். உள் அறையைப் பார்த்தாள். குள்ளம்மாளைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பேச்சில்லாமைதான் குள்ளம்மாளைப் பயமுறுத்தியது. அவள் திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம்.

*

குளிப்பாட்டுவதற்காக வாசலில் பலகை போட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மாரியப்பன் ஒரு பக்கம் தாங்கினார், ரஞ்சித்குமார் இன்னொரு பக்கம். தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க உறவுக்காரர்கள் முன்பக்கம் வரிசையாக நின்றார்கள். முதலில் கூடப்பிறந்தவள்தான் வைக்கவேண்டும் என்று சாலம்மாளை அழைத்தார்கள். அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு தம்பியின் பின்பக்கமாக வந்து நின்றாள்.

குள்ளம்மாள் தண்ணீர்ச் செம்போடு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

பனியனின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. ராத்திரி வியர்வையில் ஊறி, காலையில் இழுத்த இழுப்பில் பெயர்ந்து வந்திருக்கிறது. நீல நிறம். நடுவில் ஒரு பெண் கன்னத்துக்குக் கை கொடுத்துச் சிரித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே பத்து வருட உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

சாலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தூங்குகிற பெண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

சாலம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பக்கம் நின்றவர்களுக்கு அவள் துக்கத்தில் உறைந்து நிற்பதாகத் தோன்றியிருக்கும். எங்கோ டிராக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது.

“அக்கா, எண்ணெய வைங்க. நாழி ஆவுது” என்றார் மாரியப்பன். “பனியன அறுத்துடலாமா?”

“இருடா” என்றாள் சாலம்மாள்.

எண்ணெய்க் கையைத் தம்பியின் முதுகில் வைத்தாள். தடவிக்கொடுப்பதுபோல மேலிருந்து கீழே இழுத்தாள். கை கீழே வந்தபோது ஸ்டிக்கர் அவள் மூடிய கைக்குள் இருந்தது. அந்தக் கையை அப்படியே இடுப்புச் சேலைக்குள் செருகினாள். இன்னொரு கையால் தலையில் எண்ணெய் வைத்தாள்.

“இப்ப அறுங்க.”

குள்ளம்மாளைக் கடந்து போகும்போது சாலம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்று குள்ளம்மாளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் சாட்சியை முடிந்துகொண்டு போகிறாளோ என்றுகூட நினைத்தாள். தண்ணீர் ஊற்றினார்கள். புது வேட்டி உடுத்தினார்கள். அவர் மாப்பிள்ளைபோல இருந்தார்.

பாடை தயாரானதும் மாரியப்பன் கைகளைத் தட்டி மண்ணை உதறினார். “அக்கா, கூட எது போவணும்? சொல்லிடுங்க. எனக்கு உள்ள இருக்கற கட்டிலு மேல ஒரு சந்தேகம் இருக்குது. அதயும் கழட்டிப் போட்டுடலாம்னு பாக்கறேன். அப்பறம் வூட்டுல ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா…”

ரஞ்சித்குமார் மாமியாரைப் பார்த்தான். யுவராணி தூணைப் பிடித்துக்கொண்டாள். குள்ளம்மாள் தரையைப் பார்த்தாள்.

சாலம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். “ஏன்டா, எந்தம்பி அதுல படுத்தான்னு நீ பாத்தியா?”

“பாக்கலக்கா. ஒரு இதுக்குச் சொன்னேன்.”

“அவன் முதுக நான் பாத்தேன். எண்ண தேச்ச கை இது. கயித்துக் கட்டில்ல கெடந்த முதுகு எனக்குத் தெரியாது? நானு இத்தன வருசமா அதுலதான் கெடக்கறேன். தூக்கு அந்தக் கயித்துக் கட்டில. போவட்டும்.”

“இல்லக்கா, அந்தப் பெட்டிக் கட்டிலு…”

“அதுக்குள்ள அண்டா, பீங்கானு, புளி, பூண்டு எல்லாத்தயும் வெச்சிருக்கறா. கழட்டுனா நீயா அடுக்கித் தருவ? வூட்டுக்காரனத் தூக்கற அன்னிக்குக் குடித்தனத்தயும் சேத்துத் தூக்குவியா? போடா, போயி மோளக்காரன அடிக்கச் சொல்லு.”

மாரியப்பன் ஏதோ முணுமுணுத்தார். மேளம் அதை மூடிவிட்டது. கயிற்றுக் கட்டில் வாசலைத் தாண்டிப் போனது.

பாடையைத் தூக்கியபோது பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாலம்மாள் கூட்டத்தை விலக்கி வந்து குள்ளம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நெற்றிகளும் முட்டின.

“எப்பிடிடி தூக்குனீங்க, ரெண்டு பொம்பளைங்க?” மூச்சுக் காற்றில் கேட்டாள். “அந்த மலைய.”

“தூக்கல அண்ணி. போர்வையில வெச்சு இழுத்தோம்.”

“இழுத்தீங்களா!”

“வாசப்படியில காலு மாட்டிக்கிச்சு.”

சாலம்மாளின் வயிறு குலுங்குவதைக் குள்ளம்மாள் உணர்ந்தாள். முதலில் அழுகை என்றுதான் நினைத்தாள். பிறகு அந்தக் கிழவியின் தொண்டையிலிருந்து க்ளுக் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். குள்ளம்மாளுக்கும் உடைந்தது. முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. எது எதற்கானது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

“பாவம், அக்காளும் பொண்டாட்டியும் எப்பிடி ஏங்கி அழுவறாங்க பாரு” என்று யாரோ சொன்னார்கள். உடனே மற்றவர்களின் குரல் ஒரு படி மேலே ஏறியது.

“அண்ணி, நீங்க காட்டிக் குடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்” என்றாள் குள்ளம்மாள் மூச்சு வாங்க.

சாலம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். “அந்தத் தேக்குக் கட்டில நானே வெளிய அனுப்புனேன். ஊரு மெச்சுச்சு. அதுக்கு நான் தனியா அழுத அழுவைய எம்புருசனுக்குக்கூட அழுவல.” குள்ளம்மாளின் உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு எதையோ வைத்து மூடினாள். “பொத்தி அடுப்புல போட்டுடு.”

*

ஆண்கள் காட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டுப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டாயிற்று. விளக்கு ஏற்றியாயிற்று. வந்த கூட்டம் கரைந்து, வாசலில் நாற்காலிகளை அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக உள் அறைக்கு வந்திருந்தது.

தலை ஈரத்தோடு சாலம்மாள் உள்ளே வந்தாள். குள்ளம்மாள் அவளுக்காகத் தரையில் பாயை விரித்தாள். சாலம்மாள் பாயைப் பார்த்தாள்.

“இதுல ஏறலாமா?”

“ஏறுங்க அண்ணி.”

யுவராணி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். சாலம்மாள் அதில் ஒரு காலை வைத்து, யுவராணியின் தோளைப் பிடித்து, ஒரு எம்பு எம்பினாள். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் பக்கத்தில் ஊன்றி, அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து எல்லாம் எப்படித் தெரிகிறதோ.

குள்ளம்மாள் மறுபக்கமாகப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏறுவது சுலபமாக இருந்தது. முழங்காலை மடக்காமல், குனியாமல், அப்படியே உட்கார முடிந்தது.

யுவராணி காப்பி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாலம்மாளின் கால்கள் தரைக்கு எட்டவில்லை. வெடிப்பு விழுந்த அந்தப் பாதங்கள் வெயிலுக்குள் போவதும் வருவதுமாக, மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.